இப்லீஸ் மலக்கா, ஜின்னா? ஹாரூத், மாரூத் யாரு?

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ். "இப்லீஸ் (ஷைத்தான்களோட தலைவன்) முதல்ல மலக்கா (வானவரா) இருந்தவன், பெருமையடிச்சதால கீழே தள்ளப்பட்டவன், அப்படித்தானே?" ஓதுற பிள்ளைங்கள்ல இருந்து பெரியவங்க வரைக்கும் நிறைய பேர் மனசுல இருக்கிற கேள்வி இது. பக்கத்துல குர்ஆன் இருந்தா எடுத்துக்குங்க. ஸூரத்துல் கஹ்ஃப், 18:50, அதாவது 18-வது ஸூரா (அத்தியாயம்), 50-வது ஆயத் (வசனம்).

இப்லீஸ்ங்கிற பேர் குர்ஆன்ல 11 தடவை வருது. அதுல 9 தடவை ஆதம் (அலை) அவங்களுக்கு ஸஜ்தா (சிரம் பணிதல்) செய்யச் சொன்ன சம்பவத்துலதான். "மலக்குகளுக்குச் சொன்னோம், ஸஜ்தா செஞ்சாங்க, இப்லீஸைத் தவிர"ங்கிற வார்த்தை திரும்பத் திரும்ப வரும். இந்த "தவிர"தான் குழப்பத்துக்குக் காரணம். அரபில அது "இல்லா". கூட்டத்துல ஒருத்தனை மட்டும் தவிர்க்கிறதுக்கும் "இல்லா" வரும், கூட்டத்துல சேராத ஒண்ணைத் தவிர்க்கிறதுக்கும் அதே "இல்லா"தான் வரும். அரபி இலக்கணப் பாடத்துல இதுக்கு ஒரு உதாரணம் சொல்லிக் குடுப்பாங்க: "கூட்டத்தார் வந்தாங்க, ஒரு கழுதையைத் தவிர." கழுதை அந்தக் கூட்டத்து மனுஷன் இல்லையே! ஆக, இந்த ஒரு சொல்லை மட்டும் வச்சு இப்லீஸ் மலக்குன்னு முடிவு பண்ண முடியாது.

18:50-ல அல்லாஹ்வே "கான மினல் ஜின்", அவன் ஜின்கள்ல ஒருத்தனா இருந்தான்னு சொல்றான். அதே ஆயத்துல அவனோட சந்ததியைப் பத்தியும் பேச்சு வருது. மலக்குகளுக்குச் சந்ததி கிடையாது. 66:6-ல, அல்லாஹ் ஏவினதுக்கு அவங்க மாறு செய்ய மாட்டாங்கன்னு வருது. மலக்குகள் ஒளியால, ஜின்கள் நெருப்பால படைக்கப்பட்டாங்கன்னு ஆயிஷா (ரலி) அவங்க அறிவிக்கிற ஹதீஸ் (நபிமொழி) ஸஹீஹ் முஸ்லிம்ங்கிற ஹதீஸ் தொகுப்புல இருக்கு. இப்லீஸோட வாயாலயே, "என்னை நெருப்பால படைச்சே, அவரை (ஆதமை) களிமண்ணால படைச்சே"ன்னு வருது. "இப்லீஸ் கண் இமைக்கிற நேரம்கூட மலக்கா இருந்ததில்லை"ன்னு ஆரம்பகால அறிஞர் ஹஸன் அல்பஸரீ (ரஹ்) சொன்னதை குர்ஆன் விரிவுரையாளர் தப்ரீ பதிவு பண்ணிருக்காரு.

ஆனா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. அவன் மலக்குகள்ல ஒருத்தனா இருந்தான்னு சொன்ன பெரிய இமாம்களும் இருக்காங்க. நபித்தோழர் இப்னு அப்பாஸ் (ரலி) பேர்ல வர்ற சில அறிவிப்புகள்ல, "ஜின்"ங்கிறது மலக்குகள்லயே ஒரு பிரிவோட பேரு, இப்லீஸோட பழைய பேரு அஸாஸீல்னு வருது. தப்ரீ அந்தப் பக்கம்தான் சாய்றாரு. இன்னொரு விரிவுரையாளர் குர்துபீயும் அதுதான் பெரும்பாலானவங்களோட கருத்துன்னு எழுதுறாரு. அதனால அந்தக் கருத்தைச் சொல்றவரை வழிகெட்டவர்னு யாரும் பேசக் கூடாது. எனக்கு ஆயத்தோட வெளிப்படையான சொல்தான் பலமா தெரியுது. "மலக்குகளுக்குத்தானே கட்டளை, அப்ப ஜின்னை ஏன் பிடிச்சாங்க?"ன்னு கேட்டா 7:12-ஐப் பாருங்க: "நான் உனக்குக் கட்டளையிட்டபோது..." கட்டளை அவனுக்கும் நேரடியா போயிருக்கு.

அடுத்தது ஹாரூத், மாரூத். 2:102. பாபில் நகரத்துல ரெண்டு மலக்குகள். யாருக்கு சூனியத்தைக் கத்துக் குடுத்தாலும் முன்னாடியே, "நாங்க ஒரு சோதனைதான், நீ காஃபிராகிடாதே (இறைமறுப்பாளனாகிடாதே)"ன்னு எச்சரிச்சிட்டுத்தான் குடுப்பாங்க. அவங்களைப் பத்தி குர்ஆன் சொல்றது இவ்வளவுதான். அவங்க பாவம் செஞ்சாங்கன்னு அதுல ஒரு எழுத்துகூட இல்லை.

நாம கேட்டு வளர்ந்த கதை வேற. மனுஷங்க பாவத்தைப் பார்த்து மலக்குகள் ஆச்சரியப்பட்டாங்க, அவங்கள்ல ரெண்டு பேரை மனுஷங்களுக்கு இருக்கிற ஆசைகளோட பூமிக்கு அனுப்பினாங்க, ஸுஹரான்னு ஒரு அழகியைப் பார்த்து மயங்கினாங்க, மதுவைக் குடிச்சாங்க, கொலை செஞ்சாங்க, அவ வானத்துக்கு ஏறி வெள்ளி கிரகமா மாறிட்டா, இவங்க பாபில்ல கிணத்துல தலைகீழா தொங்குறாங்க. இந்தக் கதை யூதரா இருந்து இஸ்லாத்துக்கு வந்த கஅபுல் அஹ்பார் வழியா பனூ இஸ்ராயீலோட (இஸ்ரவேலர்களோட) செய்திகள்ல இருந்து வந்ததுன்னு விரிவுரையாளர் இப்னு கஸீர் எடுத்துக் காட்டுறாரு. அந்த 2:102-ல வர்ற "மலகைன்"ங்கிறதை "மலிகைன்"னு ஓதினவங்களும் உண்டு. ஒரு ஸபர் (அகரக் குறி) ஸேர் (இகரக் குறி) ஆனா, ரெண்டு மலக்குகள் ரெண்டு ராஜாக்கள் ஆயிடுவாங்க. ஆனா பரவலா நிலைச்ச ஓதுதல் மலகைன்தான்.

அந்த ஆயத்துல இன்னொண்ணை நிறைய பேர் கவனிக்கிறதில்லை. அங்க கத்துக்கிட்ட வித்தை எதுக்கு? புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிக்கிறதுக்கு. இப்ப ஸஹீஹ் முஸ்லிம்ல வர்ற ஹதீஸைப் பக்கத்துல வைங்க: இப்லீஸ் தண்ணி மேல சிம்மாசனம் போட்டு உக்காந்து படைகளை அனுப்புறான். ஒருத்தன் வந்து "இதைச் செஞ்சேன், அதைச் செஞ்சேன்"னா, "நீ ஒண்ணும் செய்யலை"ங்கிறான். கணவன் மனைவியைப் பிரிச்சிட்டு வந்தவனைத்தான் "நீதான்!"னு கிட்ட சேர்த்துக்குறான்.

கடைசியா வஸ்வாஸ், அதாவது ஷைத்தான் மனசுல போடுற ஊசலாட்டம். ஷைத்தானுக்கு மனுஷனைக் கையைப் பிடிச்சு இழுக்கிற அதிகாரம் இல்லை. 14:22-ல மறுமையில அவனே, "கூப்பிட்டேன், நீங்க வந்தீங்க, அவ்வளவுதான்"னு சொல்லுவான். அந்தக் கூப்பாடு தொழுகைக்குள்ளயும் வரும். அப்படி வர்றவனுக்கு கின்ஸப்னு பேரு. செய்ய வேண்டியது: "அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்" சொல்லி, இடப்பக்கம் மூணு தடவை லேசா துப்புறது. எச்சில் வெளிய தெறிக்கிற மாதிரி இல்லை, ஊதுற மாதிரி லேசா. பக்கத்து ஸஃப்ல (வரிசையில) நிக்கிறவர் மேல படக் கூடாது, நெஞ்சு கிப்லாவை (தொழுகைத் திசையை) விட்டுத் திரும்பவும் கூடாது. நிறைய பேர் இதை விட்டுட்டு தக்பீரை (தொழுகையைத் தொடங்குற "அல்லாஹு அக்பர்") நாலு தடவை, அஞ்சு தடவை திரும்பக் கட்டுறாங்க. ஒளுவை (தொழுகைக்கு முன்னாடி கை, கால், முகம் கழுவுறதை) திரும்பத் திரும்ப செய்றாங்க. அது வஸ்வாஸுக்குச் சாப்பாடு போடுறதுதான், குறையாது, வளரும். ஒரு தடவை கட்டின தக்பீரோட நில்லுங்க. நபி (ஸல்) அவங்க கிட்ட இந்தத் தொல்லையைச் சொல்லி வழி கேட்டவர் உஸ்மான் இப்னு அபில் ஆஸ் (ரலி). "அப்படியே செஞ்சேன், அல்லாஹ் அதை என்னை விட்டுப் போக்கிட்டான்"னு அவரே சொல்லிருக்காரு.