வயிற்றில் ஒற்றைக் கண்: டோக்கியோவுக்கு வந்த நட்சத்திர மீன்கள்

[திரையில்: படத்தின் பழைய போஸ்டர்]

இந்த போஸ்டரை நன்றாகப் பாருங்கள். டோக்கியோ கட்டடங்களை விட உயரமாக, ஒற்றைக் கண்ணோடு ஒரு நட்சத்திர மீன். ஊரையே நொறுக்கப் போகிறது என்றுதானே தோன்றுகிறது? படத்தில் அப்படி ஒரு காட்சியே கிடையாது! அது நம் உயரம்தான். வந்திருப்பதும் நம்மைக் காப்பாற்ற.

1956 ஜனவரியில் தைஎய் நிறுவனம் வெளியிட்ட படம், இயக்கம் கோஜி ஷிமா. ஆங்கிலத்தில் ‘வார்னிங் ஃப்ரம் ஸ்பேஸ்’. ஜப்பானின் முதல் வண்ண அறிவியல் புனைகதைப் படம் இதுதான். கதை? ‘ஆர்’ என்ற கோள் பூமிமேல் மோத வருகிறது. எச்சரிக்க வந்த வேற்றுக்கிரகவாசிகளைப் பார்த்து மக்கள் அலறுகிறார்கள். அதனால் ஒருவர், புகழ்பெற்ற மேடைக் கலைஞர் ஒருத்தியின் உருவத்துக்கு மாறிவிடுகிறார். சரி, மீதியைப் படத்தில் பாருங்கள்.

[திரையில்: உடை, மிக அருகில்]

எனக்குப் பிடித்த இடம் இதுதான். உள்ளே ஒரு ஆள் கை காலை விரித்து நிற்கிறார். கை இரண்டு, கால் இரண்டு, தலைக்கு மேலே ஒரு கூம்பு: ஐந்து முனை ஆயிற்றா? கண் மட்டும் உடம்பின் நட்டநடுவில். துணி என்று பார்த்ததும் தெரியும், சிலருக்குச் சிரிப்பும் வரும். ஆனால் இதை வடிவமைத்தவர் யார் தெரியுமா? தாரோ ஒகாமோதோ. இளமையில் பாரிஸில் வாழ்ந்து, நவீன ஓவியத்தில் ஊறித் திரும்பிய பெரிய கலைஞர்.

1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்கு அவர் எழுப்பிய ‘சூரியக் கோபுரம்’ இதோ. 70 மீட்டர் உயரம், இரு பக்கமும் விரித்த கைகள். வயிற்றைப் பாருங்கள், அங்கே ஒரு முகம்! இரண்டையும் பக்கத்தில் வைத்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. எனக்கு அப்படித்தான் தெரிகிறது. உங்களுக்கு? கமெண்டில் சொல்லுங்கள்.

அப்புறம், இந்த வருடக் கணக்கு. 1954 மார்ச்சில் பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல் ஒரு ஜப்பானியப் படகில் இருந்த 23 மீனவர்கள்மேல் விழுந்தது. இரண்டே வருடத்தில் இந்தப் படம். இதில் ஒரு விஞ்ஞானி அதைவிடக் கொடிய வெடிபொருளுக்குச் சூத்திரம் கண்டுபிடிக்கிறார். வேண்டாம் என்று தடுப்பது அந்த விண்வெளி விருந்தாளி.

ஒகாமோதோவையும் அந்தக் குண்டு விடவில்லை. அவர் வரைந்த 30 மீட்டர் நீள ஓவியம் டோக்கியோவின் ஷிபுயா ரயில் நிலையத்தில் இருக்கிறது. நடுவில் எரிந்துகொண்டிருக்கும் ஒரு எலும்புக்கூடு, ஓரத்தில் அந்த மீன்பிடிப் படகு. அந்தப் பக்கம் போனால் ரயில் மாறும் அவசரத்தில் விட்டுவிடாதீர்கள், ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.