கல்லைக் கீழே போடுவோம்

(உலக வெறிநோய் (ரேபிஸ்) தினத்தையொட்டி, நீலகிரி மாவட்டப் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியர்களுக்காகக் கூடலூரில் நடந்த கூட்டத்தில், ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் பழங்குடியினர் நலத்துறை அலுவலர் அவர்களே, முன்னிலை வகிக்கும் வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, நான் முப்பது ஆண்டுகள் ஊழியம் செய்த கால்நடை பராமரிப்புத் துறையின் உதவி இயக்குநர் அவர்களே, காலையிலிருந்து பெய்யும் மழையையும் பொருட்படுத்தாமல் மந்து, கோக்கால், பாடி எனும் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஊர் மூப்பர்களே, தலைமையாசிரியர்களே, ஆசிரியப் பெருமக்களே, விடுதிக் காப்பாளர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். மருத்துவ அலுவலர் அவர்கள் நேற்று இரவுப் பணி முடித்து, வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கு வந்திருக்கிறார்கள் என்று சொன்னார்கள். அவர்களுக்கு இந்த அவை தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. மேடைக்கு அழைத்தும் வர மறுத்து, கடைசி வரிசையில் நின்றுகொண்டிருக்கும் பள்ளிச் சமையலர் அம்மா அவர்களையும் வணங்குகிறேன். அவர்களைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளைகளுக்கு மூன்று செய்திகளைக் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று சொல்லவே வந்தேன். நாயைப் பேணுவது எப்படி, நாயிடம் நடந்துகொள்வது எப்படி, கடித்துவிட்டால் செய்ய வேண்டியது என்ன என்பவை அந்த மூன்று. அதற்கு முன்பு ஒரு பழமொழியைப் பற்றிப் பேச அனுமதி வேண்டும். நான் எங்கே பேசப் போனாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்பது இங்கே பலருக்குத் தெரியும்.

‘நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம்.’ இதைச் சொன்ன உடனே நம் மனத்தில் வருவது என்ன? எதிரே நாய் வருகிறது, எறிவதற்குக் கல் கிடைக்கவில்லை என்பதுதான். கோயில் வாசலில் இருக்கும் கல் நாயை நினைத்துச் சொன்னது இது என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். சிலையில் நாயைப் பார்ப்பவனுக்குக் கல் தெரியாது, கல்லைப் பார்ப்பவனுக்கு நாய் தெரியாது. ‘மரத்தை மறைத்தது மாமத யானை’ என்று திருமூலர் பாடியதும் இந்தக் கருத்தைத்தான். அந்த விளக்கத்தையே நான் ஏற்கிறேன். ஆனால் நம் பிள்ளைகளின் காதில் விழுவது முதல் பொருள் மட்டுமே. நாய் என்றதும் கை தானாகத் தரையைத் தடவிக் கல்லைத் தேடுகிறது. கல்லடி பட்டே வளர்ந்த நாய், குனிகிற எவரைக் கண்டாலும் பயந்து பல்லைக் காட்டுகிறது. கீழே விழுந்த பென்சிலை எடுக்கக் குனிந்த குழந்தையைக் கடித்த நாயை என் பணிக்காலத்தில் நான் பார்த்திருக்கிறேன்.

நகரத்துக்கு எழுதப்பட்ட பாடம் இந்த மலைக்கு ஒத்துவராது என்பதை அலுவலர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இங்கே நாய் தெருவில் திரியும் அநாதை அன்று. காட்டை ஒட்டிய குடியிருப்பில் இரவில் யானை வந்தால், முதலில் அறிந்து குரல் கொடுப்பது நாய். அந்தக் குரலைக் கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வெளியேறிய குடும்பங்கள் இந்த அரங்கிலேயே உண்டு. அந்த நாயைத் தேடியே சிறுத்தை வீட்டு வாசல் வரை வருவதும் உண்மை. எனவே ‘நாயிடமிருந்து விலகி இரு’ என்று ஒரே வரியில் பாடத்தை முடித்தால், ‘இவர் நம் வீட்டைப் பார்த்ததே இல்லை’ என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள்.

எனக்கு அப்படித்தான் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன், ஓர் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் படங்களையெல்லாம் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன். வாயில் நுரை தள்ளும் நாய், நாக்கு தொங்கும் நாய் என்று படங்களைச் சுவரில் மாட்டி முக்கால் மணி நேரம் பேசினேன். ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பணியர் பழங்குடிச் சிறுமி ஒருத்தி எழுந்து, ‘எங்க நாய் கடிக்காது சார்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். என் முக்கால் மணி நேரப் பேச்சுக்கு அவள் சொன்ன பதில் அந்த நான்கு சொற்கள்தான்.

அப்போது என்னைக் காப்பாற்றியவர் அதோ நிற்கும் அந்தச் சமையலர் அம்மாதான். சமையற்கூடத்துப் பின்வாசலில் படுத்திருக்கும் செவலை நாயைக் காட்டி, ‘படத்தை விடுங்க சார், இதை வச்சுச் சொல்லுங்க’ என்றார்கள். பிள்ளைகளைப் பத்தடி தள்ளி உட்கார வைத்தோம். அம்மா சோற்றை வைத்தார்கள். நாய் தின்னத் தொடங்கியதும் நான் ஓரடி முன்னே போனேன். அதன் வாய் அசைவது நின்றது. இன்னும் ஓரடி போனேன். காது பின்னால் படிந்தது, முதுகு விறைத்தது, கண்ணின் வெள்ளை ஓரம் தெரிந்தது. உறுமல் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் பின்வாங்கியதும் மறுபடி தின்றது. ‘உறுமுறதுக்கு முன்னாடியே மூணு தடவை சொல்லிடுச்சு’ என்றாள் அதே சிறுமி. அன்றைக்கு வகுப்பெடுத்தவள் அவள். தின்னும் நாயையும், தூங்கும் நாயையும், குட்டி போட்ட நாயையும் ஏன் தொடக்கூடாது என்பதை அவளே மற்றவர்களுக்கு அவர்களுடைய மொழியில் சொன்னாள்.

பிறகு மரமாக நிற்கப் பழக்கினோம். அறியாத நாய் எதிரே வந்தால் ஓடாதே, கத்தாதே, கண்ணுக்குள் பார்க்காதே. கைகளை உடம்போடு ஒட்டி, காலடியைப் பார்த்தபடி மரமாக நில். தள்ளி விழுத்திவிட்டால் முழங்காலை வயிற்றோடு மடக்கி, கழுத்தையும் காதையும் கைகளால் மூடிக் கல்லாகக் கிட. நாயைக் கண்டால் கல்லைத் தேடாதே, நீயே கல்லாகிவிடு என்று நான் சொன்னபோது பிள்ளைகள் தரையில் சுருண்டு படுத்து எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள்.

காயத்தைக் கழுவும் பாடத்தில்தான் சிக்கல் வந்தது. சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். வீட்டில் கடிகாரம் இல்லாத பிள்ளைக்கு 15 நிமிடம் எவ்வளவு? தமிழ்த்தாய் வாழ்த்தை 55 வினாடிகளில் பாட வேண்டும் என்று அரசாணை இருக்கிறது. தினமும் காலையில் பாடுகிறார்கள். ‘பதினேழு தடவை பாடும்வரை கழுவு’ என்றேன். அடுத்த விடுமுறையில் அந்தச் சிறுமியின் தம்பியை, எங்கிருந்தோ வந்த ஒரு குட்டி மணிக்கட்டில் கடித்துவிட்டது. பாட்டி சுண்ணாம்பை எடுத்து வந்திருக்கிறார். இவள் அதைத் தடுத்து, தம்பியைக் குழாயடியில் உட்கார வைத்து, துணி சோப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பாடியிருக்கிறாள். ‘எண்ணிக்கை மறந்துபோச்சு சார், அதனால இருபது தடவை பாடிட்டேன்’ என்றாள். பக்கத்தில் நின்ற பாட்டிக்கும் பாட்டு மனப்பாடம் ஆகிவிட்டதாம். (கைதட்டல்)

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும். பையனைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில் மருந்து இருப்பு இல்லை என்று வேறு ஊருக்கு அனுப்பினார்கள். அன்றைக்குப் பேருந்து இல்லை. மறுநாள்தான் ஊசி போட்டார்கள். பையன் நலமாக இருக்கிறான். ஆயினும் அந்த ஓர் இரவை என்னால் மறக்க முடியவில்லை. நோய்க்குறி தோன்றிவிட்டால் வெறிநோயிலிருந்து ஏறக்குறைய யாரும் மீள்வதில்லை. வெறிநோய் இருப்பதாகச் சந்தேகிக்கப்படும் விலங்கிடம் கடிபடுவோரில் 40 விழுக்காட்டினர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளையின் உயரத்துக்கு நாயின் வாய் எட்டுவது முகத்திலும் கழுத்திலும். மூளைக்கு அருகிலுள்ள காயத்திலிருந்து கிருமி விரைவாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் பெரியவர்களிடம் இருக்கிறது. ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த அந்தப் பழைய மருந்து வழக்கொழிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆகின்றன. இப்போது தோலில் போடும் முறையில், கடித்த அன்றும், 3, 7, 28 ஆகிய நாட்களிலும் கையிலேயே போடுகிறார்கள். காயம் ஆழமாக இருந்தால் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்தைச் சுற்றிப் போடுவதும் உண்டு. மூப்பர்கள் தயவுசெய்து இதை ஊரில் சொல்ல வேண்டும். லூயி பாஸ்டர் கண்டுபிடித்த வெறிநோய் ஊசி 1885 ஜூலை 6-ஆம் நாள் முதன்முதலில் போடப்பட்டது, பள்ளி செல்லும் வயதிலிருந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கு. நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-இல் தொடங்கியது. தெற்கே கடிபட்டவர்கள் வடக்கே இமயமலைப் பகுதியிலுள்ள கசௌலி வரை பயணம் போய்க்கொண்டிருந்த காலம் அது. மருந்து மனிதனுக்கு அருகில் வர வேண்டும் என்பதை 1907-இலேயே உணர்ந்த மலை இது.

இப்போது நான் இங்கே கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். ஓர் ஊரின் நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும். நாங்கள் குடியிருப்புகளுக்கு முகாம் போனோம். வேலைநாளில் போனோம். பெரியவர்கள் எஸ்டேட் வேலைக்குப் போயிருந்தார்கள்; பிள்ளைகள் விடுதியில் இருந்தார்கள். நாய்கள் எங்களைக் கண்டதும் தேயிலைக்குள் ஓடின. எங்கள் ஆட்களில் ஒருவர் வழக்கம்போல் கல்லை எடுத்தார். அத்துடன் ஒரு நாயையும் காணோம். பழமொழியின் இரண்டாம் பாதி அன்று என் கண்முன்னே நடந்தது. அதே ஊருக்கு மே மாத விடுமுறையில் போனபோது, பிள்ளைகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கழுத்தில் கயிற்றுடன் வரிசையாக வந்து நின்றன அதே நாய்கள். இந்த நாய்களின் உண்மையான உரிமையாளர்கள் நம் மாணவர்கள். எனவே முகாம் நடக்கும் நாள் பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. தன் வீட்டு நாயை, பெரியவர் ஒருவர் துணையுடன், தானே பிடித்து வரட்டும். அட்டையில் நாயின் பெயரைத் தானே எழுதட்டும்.

பேணுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். உண்ணி எடுப்பது, குடற்புழு மருந்து, கருத்தடை, இரவில் நாயைச் சிறுத்தைக்கு எட்டாமல் உள்ளே கட்டுவது, தடுப்பூசி இல்லாத நாயிடமிருந்து செந்நாய்க்கு டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய் பரவும் அபாயம் என்று எத்தனையோ இருக்கின்றன. தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்; அவற்றை ஆசிரியர்களுடன் மதிய உணவின்போது பேசிக்கொள்கிறேன்.

மூன்று துறை அலுவலர்களும் ஒரே மேடையில் அமர்வது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. வரும் மே மாதத்து நாட்காட்டியை நான் கையோடு கொண்டு வந்திருக்கிறேன். எந்தெந்தக் குடியிருப்புக்கு எந்த நாள் என்பதை மூப்பர்கள் முன்னிலையில் குறித்துவிட்டு, எந்தச் சுகாதார நிலையத்தில் கடி மருந்து எப்போதும் இருப்பில் இருக்கும் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதித் தந்து, அலுவலர்கள் மூவரும் கையெழுத்திட வேண்டுமென்று மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். பேனா இதோ இருக்கிறது. வணக்கம்.