அழுதால் கிடைக்கும் என்று குழந்தைக்கு யார் கற்றுக் கொடுத்தது?

[திரையில்: மளிகைக் கடை. கல்லா அருகே மிட்டாய் ஜாடிகள். இரண்டரை வயதுக் குழந்தையும் அம்மாவும்.]

கடைக்காரர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். குழந்தை சாக்லேட்டைக் காட்டுகிறது. "வேண்டாம், சளி பிடிக்கும்" என்கிறார் அம்மா. குழந்தை சிணுங்குகிறது. "வேண்டாம்னு சொன்னேன்ல?" என்று அம்மாவின் குரல் ஏறுகிறது. சிணுங்கல் அழுகையாகிறது. அப்புறம் குழந்தை தரையில் விழுந்து புரள்கிறது. பின்னால் நிற்பவர்களில் ஒருவர், "பாவம், ஒண்ணு வாங்கிக் குடும்மா" என்கிறார். அம்மா வாங்கிக் கொடுத்துவிடுகிறார். அழுகை சட்டென்று நிற்கிறது.

இதில் இரண்டு பேர் பாடம் கற்றிருக்கிறார்கள். சிணுங்கினால் கிடைக்காதது தரையில் விழுந்தால் கிடைக்கும் என்று குழந்தை கற்றது. கொடுத்துவிட்டால் சத்தம் அடங்கும் என்று அம்மா கற்றார். அடுத்த முறை குழந்தை சிணுங்கலைத் தாண்டி நேராகத் தரைக்குப் போகும். அம்மாவும் சீக்கிரமே பர்ஸைத் திறப்பார்.

அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஜெரால்ட் பாட்டர்சன் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். வீடுகளுக்கே ஆட்களை அனுப்பி, பெற்றோரும் பிள்ளையும் ஒருவருக்கொருவர் என்ன சொல்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று அடுத்தடுத்துக் குறிக்கச் சொன்னார். பெற்றோர் பிள்ளையைப் பழக்குகிறார்கள், பிள்ளையும் பெற்றோரைப் பழக்குகிறது என்பது அவர் கண்டது. இந்தச் சுழற்சியை 1982-ல் விரிவாக எழுதி வெளியிட்டார். இன்று பல நாடுகளில் நடக்கும் பெற்றோர் பயிற்சிகளின் அடித்தளம் அந்த வேலைதான்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்போ இது வேணும்னே நடிக்குது" என்று நினைத்துவிடாதீர்கள். அந்த அழுகை உண்மையான அழுகை. ஆசையை அடக்கவும் காத்திருக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இரண்டு வயதில் மிகவும் இளசாக இருக்கிறது. மனதில் இருப்பதைச் சொல்லப் போதுமான வார்த்தைகளும் இல்லை. அதனால்தான் கை நீளுகிறது, பல் பதிகிறது. கனடாவின் ரிச்சர்ட் ட்ரம்ப்ளே என்ற ஆய்வாளர் குழந்தைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் உச்சத்தில் இருந்து, பிறகு பெரும்பாலான பிள்ளைகளிடம் குறைந்துகொண்டே வருகின்றன. உங்கள் இரண்டு வயது மகள் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்தாள் என்றால், அவள் கெட்ட குணத்தோடு பிறந்துவிட்டாள் என்று பயப்பட வேண்டாம்.

[திரையில்: சமையலறைச் சுவரில் நாட்காட்டி. அதில் பேனாவால் குறித்த நேரங்கள்.]

சரி, என்ன செய்வது? முதலில் ஒரு வாரம் எழுதி வையுங்கள். அடம் எத்தனை மணிக்கு வந்தது, அதற்கு முன் என்ன நடந்தது, பின்னால் நீங்கள் என்ன செய்தீர்கள். இந்த மூன்றும் போதும். 1931-லேயே வெளியான ஓர் ஆய்வுக்காக, அமெரிக்காவின் மினசோட்டாவில் புளோரன்ஸ் குடினஃப் என்ற ஆய்வாளர் தாய்மார்களை இப்படிக் குறிக்கச் சொன்னார். கோபம் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கூடியது. சளி பிடித்திருந்த நாட்களில் கூடியது. உங்கள் நாட்காட்டியிலும் பாதி விடை இப்படியே கிடைக்கலாம். மாலை ஆறரைக்கு வரும் ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் மதியத் தூக்கம் கெட்டதாக இருக்கும். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளில் 10 முதல் 13 மணி நேரத் தூக்கம் தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு பதினொன்று வரை டிவி ஓடும் வீட்டில் அது எங்கே கிடைக்கும்? பசியும் தூக்கமும் சரியானாலே சில வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

அடம் தொடங்கிவிட்டால்? அந்த நேரத்தில் புத்தி சொல்லாதீர்கள், காதில் ஏறாது. அடிபடாமல் பார்த்துக்கொண்டு, கைக்கு எட்டும் தூரத்தில் உட்காருங்கள். "சாக்லேட் கிடைக்கலைன்னு கோபம் வருது, தெரியுது. இன்னைக்குக் கிடையாது." இவ்வளவு சொன்னால் போதும். அடத்தின் நேரத்தை அளந்து பார்த்த ஆய்வில், நான்கில் மூன்று ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியிருக்கின்றன. கோபம் முன்னால் வந்து முன்னால் போகும், அழுகை பின்னால் நீளும். அழுகை மட்டும் மிஞ்சியிருக்கும்போது குழந்தை உங்கள் மடியைத் தேடும். அணைத்துக்கொள்ளுங்கள். அணைப்பது விட்டுக்கொடுப்பது ஆகாது. விட்டுக்கொடுப்பது என்றால் அந்தச் சாக்லேட்டை வாங்கித் தருவதுதான்.

இங்கேதான் பலர் தளர்கிறார்கள். கொடுப்பதை நிறுத்திய முதல் சில நாட்கள் அழுகை கூடும். இதுவரை வேலை செய்த வழி திடீரென்று வேலை செய்யாததால் குழந்தை இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. "நீங்க சொன்னபடி செஞ்சோம், மோசமாத்தான் போச்சு" என்று அந்த நாட்களில்தான் கைவிடுகிறார்கள். மூன்று நாள் பொறுத்து நான்காம் நாள் கொடுத்தால், மூன்று நாள் அழ வேண்டும் என்று குழந்தை கற்றுக்கொள்ளும். எப்போதாவது கிடைப்பது, எப்போதும் கிடைப்பதைவிட ஆழமாகப் பழக்கிவிடும்.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. அம்மா மறுப்பார், தாத்தா சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். தாத்தாவைக் குறை சொல்லிப் பயனில்லை, பேரப்பிள்ளை அழுவதைத் தாங்காத மனது அது. குழந்தை தூங்கிய பிறகு உட்கார்ந்து பேசுங்கள். "மாமா, சாயங்காலம் சாப்பிட்டு முடிச்சதும் நீங்களே கொடுங்க. அழும்போது மட்டும் வேண்டாம்." கொடுக்கும் சந்தோஷம் அவருக்கே இருக்கட்டும், நேரத்தை மட்டும் மாற்றினால் போதும்.

[திரையில்: குழந்தை தம்பிக்குப் பொம்மையை நீட்டுகிறது.]

இதுவரை சொன்னதைவிட முக்கியமானது, என் கணிப்பில், இந்தக் காட்சி. குழந்தை அமைதியாக விளையாடும்போது நாம் சமையலைப் பார்க்கப் போய்விடுகிறோம், கத்தினால்தான் ஓடி வருகிறோம். நம் கவனம்தான் அதற்குச் சாக்லேட்டைவிடப் பெரிது. தம்பிக்குப் பொம்மை கொடுத்த அந்த நொடியில், "தம்பிக்குக் கொடுத்தியே, எவ்வளவு நல்லா இருக்கு!" என்று சொல்லுங்கள். செய்த செயலைச் சொல்லிப் பாராட்ட வேண்டும். தினமும் பத்து நிமிடம், போனை ஓரமாக வைத்துவிட்டு, அது சொல்லும் விளையாட்டை விளையாடுங்கள்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள் பெரியவர்கள். அடித்தால் அந்த நேரத்துக்கு அடங்கும், உண்மைதான். ஆனால் பெரியவர் கோபத்தில் கை ஓங்கலாம் என்பதையும் குழந்தை கூடவே பார்த்துக் கற்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2018-ல் அடிப்பதும் அவமானப்படுத்துவதும் வேண்டாம் என்று தெளிவாகவே அறிவுறுத்தியது. பிறரை அடித்த குழந்தையின் கையை மென்மையாகப் பிடித்து, "அடிக்கக் கூடாது, வலிக்கும்" என்று சொல்லி அங்கிருந்து தூக்கிச் சென்றுவிடுங்கள். அடிபட்ட குழந்தையை முதலில் கவனியுங்கள்.

எல்லாமே பழக்கக் கோளாறு என்று விட்டுவிடவும் கூடாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, பேசிய வார்த்தைகள் மறைந்துபோகின்றன, தன்னையே காயப்படுத்திக்கொள்கிறது என்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். அழுது அழுது மூச்சை அடக்கி நீலமாகிவிடும் குழந்தைகள் உண்டு. அவர்களையும் காட்ட வேண்டும், சிலருக்கு இரும்புச்சத்துக் குறைவு இருக்கும், அதைச் சரிசெய்தால் இப்படி மூச்சடக்குவது குறையும். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பேச்சு, செவித்திறன், வளர்ச்சி எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பரிசோதிப்பார்கள். போகும்போது அந்த ஒரு வாரக் குறிப்பையும் கையில் கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் கேட்கப்போவது அந்த விவரங்களைத்தான்.