எலா வாட்சனின் வீட்டுக்குள் போன கேமரா

நேயர்களுக்கு வணக்கம்.

கார்டன் பார்க்ஸ் என்று ஓர் அமெரிக்கர். கறுப்பினத்தவர். 1912-ல் கான்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்காட் என்ற சிற்றூரில், 15 பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தவர். புகைப்படக்காரராகத்தான் பலருக்கு அவரைத் தெரியும். நான் பேச வந்திருப்பது அவருடைய புத்தகங்களைப் பற்றி. நாவல், தன்வரலாறு, கட்டுரை, கவிதை, ஏன், படம் எடுக்கக் கற்றுத்தரும் கையேடுகூட எழுதியிருக்கிறார்.

படங்களை ஒரு பக்கம், புத்தகங்களை இன்னொரு பக்கம் என்று பிரித்து வைத்துப் பார்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. படம் ஒரு நொடியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அந்த மனிதர் அந்த நொடிக்கு முன்னால் எப்படி வாழ்ந்தார், பிறகு என்ன ஆனார்? அதைச் சொல்ல பார்க்ஸுக்கு எழுத்து வேண்டியிருந்தது. இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதுதான், மறுபடி மறுபடி இங்கேதான் வருவேன்.

1966-ல் வந்த தன்வரலாறு, 'எ சாய்ஸ் ஆஃப் வெப்பன்ஸ்'. அம்மா இறந்ததும் செயின்ட் பால் நகரில் இருந்த அக்கா வீட்டுக்கு அனுப்பப்படுகிறான் பையன். அக்காவின் கணவர் கடுங்குளிர்காலத்தில் அவனை வெளியே துரத்திவிடுகிறார். டிராம் வண்டிகளில் ஏறி, ஓடும் வண்டியிலேயே இரவைக் கழிக்கிறான். பிறகு பியானோ வாசிக்கிறான், ரயிலின் உணவுப் பெட்டியில் பரிமாறுகிறான். அந்த ரயிலில் ஒரு பயணி விட்டுப்போன பத்திரிகையில், பிழைப்புத் தேடி ஊர் ஊராக அலையும் விவசாயக் கூலிகளின் படங்களைப் பார்க்கிறான். அதுதான் தொடக்கம். சியாட்டில் நகரத்து அடகுக்கடையில் 7.50 டாலருக்கு ஒரு கேமரா வாங்குகிறார். கையில் கத்தி எடுத்த ஒரு தருணத்தையும் அந்தப் புத்தகத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். வறுமைக்கும் நிறவெறிக்கும் எதிராக எந்த ஆயுதத்தை எடுப்பது என்பதுதான் அந்தத் தலைப்பின் கேள்வி.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

1942. ஓர் உதவித்தொகை கிடைத்து, வாஷிங்டனில் ஓர் அரசுத் துறையின் புகைப்படப் பிரிவில் சேருகிறார். பிரிவின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கர் முதல் வேலையாக, கேமராவை வைத்துவிட்டு ஊரைப் பார்த்துவிட்டு வா என்கிறார். கடைக்குப் போ, சாப்பிடு, சினிமா பார். நாட்டின் தலைநகரம்தானே? கடையில் ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. உணவகத்தில் உட்காரவே விடவில்லை. தியேட்டரில் டிக்கெட் இல்லை. கொதித்துப்போய்த் திரும்புகிறார். தன்னை விரட்டியவர்களைப் படமெடுத்து அம்பலப்படுத்த வேண்டும் என்கிறார். ஸ்ட்ரைக்கர் கேட்கிறார்: விற்பனையாளர் ஒருவரைப் படமெடுத்துக் கீழே 'இவர் நிறவெறியர்' என்று எழுதினால் போதுமா? அவர் முகமும் எல்லார் முகத்தையும் போலத்தானே இருக்கும்! காலமெல்லாம் இதைச் சுமந்தவர்களிடம் போய்ப் பேசு.

அதே கட்டடத்தில் தரை துடைத்துக்கொண்டிருக்கிறார் எலா வாட்சன். பார்க்ஸ் படம் எடுக்கவில்லை, முதலில் கேட்கிறார். அப்பாவை ஒரு வெறிக்கும்பல் கொன்றது, கணவரைச் சுட்டுக் கொன்றார்கள், இந்தச் சம்பளத்தில்தான் பேரக்குழந்தைகளை வளர்க்கிறேன் என்கிறார் அந்த அம்மா. அதற்குப் பிறகுதான் அந்தப் படம். பின்னால் அமெரிக்கக் கொடி, ஒரு கையில் துடைப்பம், பக்கத்தில் தரை துடைக்கும் மாப், நேராக நம்மைப் பார்க்கும் கண்கள். உலகமே அறிந்த படம்.

உலகம் அந்த ஒரு படத்தோடு நின்றுவிடுகிறது, அதுதான் என் குறை. பார்க்ஸ் நிற்கவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார், தேவாலயத்துக்குப் போனார், மறுபடி மறுபடி போனார். ஒரு படத்தில் அவர் பேரக்குழந்தைகளோடு சமையலறையில் இருக்கிறார். இந்தப் பக்கம் கண்ணாடியில் வளர்ப்பு மகளின் முகம் தெரிகிறது. கோஷம் இல்லை, கொடி இல்லை. சாப்பாடு, பிள்ளைகள், பிரார்த்தனை. பாகுபாடு எங்கே இருக்கிறது என்று கேட்டால், அந்தச் சம்பளத்தில் இருக்கிறது, அந்த இடுக்கமான வீட்டில் இருக்கிறது. அன்றாடத்துக்குள் போனால்தான் அது கண்ணில் படும். கொடிப் படத்தை மட்டும் பார்த்தவர்கள் தயவுசெய்து இந்தப் படங்களையும் தேடிப் பாருங்கள்.

1956-ல் 'லைஃப்' பத்திரிகைக்காக அலபாமா போனபோதும் இதே வழிதான். நல்ல உடை உடுத்திய ஒரு பெண்ணும் ஒரு சிறுமியும் கடை வாசலில் நிற்கிறார்கள். அவர்கள் தலைக்கு மேலே, கறுப்பர்களுக்கான நுழைவாயில் என்று விளக்கெழுத்து. வண்ணப்படம் அது. படங்கள் வெளிவந்ததும், அவற்றில் இடம்பெற்ற ஒரு குடும்பம் வேலையை இழந்து ஊரை விட்டே போக வேண்டி வந்தது. படம் எடுத்தவரை இது விடாமல் உறுத்தியது.

அந்த உறுத்தல்தான் 1978-ல் வந்த 'ஃபிளாவியோ' புத்தகம். 1961-ல் ரியோ டி ஜெனிரோவின் மலைச்சரிவுக் குடிசைப் பகுதியில், கடும் ஆஸ்துமாவோடு தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டிருந்த 12 வயதுப் பையன் ஃபிளாவியோ. 'லைஃப்' பத்திரிகையில் பார்க்ஸ் எடுத்த அவனுடைய படங்களைப் பார்த்த வாசகர்கள் பணம் அனுப்பினார்கள். குடும்பத்துக்கு வீடு கிடைத்தது. பையனை அமெரிக்காவின் டென்வர் நகருக்குக் கொண்டுபோய்க் குணப்படுத்தினார்கள், இரண்டு ஆண்டுகளில் பிரேசிலுக்குத் திருப்பியும் அனுப்பினார்கள். அவனுக்குத் திரும்ப மனமில்லை. பல ஆண்டுகள் கழித்து பார்க்ஸ் தேடிப்போய்ப் பார்க்கிறார். வளர்ந்து குடும்பஸ்தனான ஃபிளாவியோ, அமெரிக்காவுக்கே திரும்ப வேண்டும் என்கிறான். நாம் செய்தது நல்லதுதானா என்று பார்க்ஸ் தன்னையே கேட்டுக்கொள்கிறார். நான் சொன்னேனே, 'பிறகு என்ன ஆனார்' என்று? அதற்காக ஒரு முழுப் புத்தகம்!

நாவலுக்கு வருகிறேன், நேரம் குறைவு என்று சைகை வந்துவிட்டது. 'தி லேர்னிங் ட்ரீ', 1963. கான்சாஸில் வளரும் நியூட் என்ற கறுப்பினச் சிறுவனின் கதை. புயல், பழத்திருட்டு, முதல் காதல், கறுப்புப் பிள்ளைகளுக்குக் கல்லூரி எதற்கு என்று கேட்கும் ஆசிரியை. ஒரு கொலையை நேரில் பார்த்த நியூட், உண்மையைச் சொன்னால் கறுப்பினத்தவர் மீதே பழி திரும்புமே என்று தவிக்கும் இடத்தை நீங்களே படிக்க வேண்டும். 1969-ல் பார்க்ஸே இதைப் படமாக்கினார். பெரிய ஹாலிவுட் நிறுவனத்துக்குப் படம் இயக்கிய முதல் கறுப்பின அமெரிக்கர் அவர்தான்.

1971-ல் வந்த கட்டுரைத் தொகுப்பு 'பார்ன் பிளாக்'. அதில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் குளிரிலும் பசியிலும் தவிக்கும் ஃபான்டனெல் குடும்பத்தைப் பற்றிய கட்டுரையைத் தவறவிடாதீர்கள். கவிதைகளையும் படங்களையும் சேர்த்து அவர் போட்ட புத்தகங்களுக்கு இன்று நேரமில்லை. 1968-ல் வந்த 'எ போயட் அண்ட் ஹிஸ் கேமரா' என்ற பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். எதிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: தன்வரலாற்றை முதலில் எடுங்கள், படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள். நன்றி, வணக்கம்.