மார்கழியில் இரண்டு கறிவேப்பிலைச் சாடிகள்

நேயர்களுக்கு வணக்கம்.

மார்கழி பிறந்தால் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் விடியப்புறம் எழுந்து மின்விசிறியை நிறுத்த வேண்டியிருக்கும். கொழும்பின் குளிர்காலம் அவ்வளவுதான். அதே நாட்களில் கனடாவில், ரொறன்ரோ நகரின் ஸ்காபரோவிலிருந்து என் தங்கை, யன்னலுக்கு வெளியே பனி கொட்டுவதைப் படம் பிடித்து அனுப்புவாள். அந்தப் படத்தின் ஓரத்தில் அவளுடைய கறிவேப்பிலைச் சாடி நிற்கும். இங்கே என் பல்கணியிலும் ஒன்று நிற்கிறது. இந்த இரண்டு சாடிகளையும் வைத்துத்தான் இன்று பேசப்போகிறேன். வெளிநாட்டில் பிள்ளைகளோ சகோதரங்களோ இல்லாத வீடு நம்மிடையே குறைவு. அவர்கள் யன்னலோரத்திலும் அநேகமாக இதே செடிதான் இருக்கும்.

தங்கை வாங்கிய முதல் செடி முதல் குளிர்காலத்திலேயே செத்துப்போனது. அதற்கு நான்தான் காரணம். “அக்கா, இலையெல்லாம் தொங்குது, என்ன செய்யிறது?” என்று கேட்டாள். “தண்ணி காணாது, ஒவ்வொரு நாளும் விடு” என்று சொன்னேன். நான் இங்கே அப்படித்தான் விடுகிறேன். மூன்று கிழமையில் சாடி மண்ணிலிருந்து புளித்த மணம் வந்தது. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கறுத்துக் கொழகொழவென்று இருந்ததாம்.

என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. செடி தண்ணீர் குடிப்பது வெளிச்சத்துக்கு ஏற்றபடிதான். மார்கழியில் ரொறன்ரோவில் பகல் 9 மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. அந்தப் பகலிலும் வெயில் தாழ்ந்து, மங்கலாகத்தான் வரும். வெளிச்சம் குறைந்தால் இலையின் வேலை குறையும், வேர் உறிஞ்சுவதும் குறையும். விட்ட தண்ணீர் மண்ணிலேயே தங்கி, காற்று இருக்கவேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். மூச்சுவிட முடியாமல் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீர் எடுக்க முடியாது, ஆகவே இலை தொங்கும். தாகத்தில் தொங்கும் இலையும் வேர் அழுகித் தொங்கும் இலையும் பார்வைக்கு ஒன்றுதான். அதைப் பார்த்து நாம் இன்னும் தண்ணீர் விடுகிறோம். அன்புதான், ஆனால் அது செடியைக் கொன்றுவிடுகிறது.

ஆகவே இலையைப் பார்த்துத் தண்ணீர் விடாதீர்கள். விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விடவேண்டாம். குளிர்தேசத்தில் இது பத்து நாளுக்கு ஒருமுறையோ இரண்டு கிழமைக்கு ஒருமுறையோ ஆகலாம். விடும் தண்ணீரும் குழாயில் வரும் ஐஸ் தண்ணீராக இல்லாமல் வெதுவெதுப்பாக இருக்கட்டும். இரவில் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்கும் முன்பே கறிவேப்பிலையை உள்ளே எடுத்துவிட வேண்டும். தெற்குப் பார்த்த யன்னல் நல்லது, ஆனால் இலை கண்ணாடியில் முட்டக்கூடாது. சூடாக்கியின் காற்று நேரே படும் இடமும் கூடாது. அந்த வறண்ட காற்றில் இலைக்கு அடியில் சிலந்திப் பூச்சி வரும். ஊசிமுனை அளவுதான் இருக்கும், மெல்லிய நூல் பின்னியிருப்பதைக் கண்டால் அதுதான். செடியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலைகளின் அடிப்பக்கம் நன்றாகக் கழுவினால் பெரும்பாலும் போய்விடும். கறிக்குப் போடும் இலை, மருந்து அடிக்காதீர்கள். பசளை மாசி முடியும்வரை வேண்டாம்.

சரி, இப்போது கொழும்புக்கு வருவோம். “குளிர்காலத்தில் தண்ணீரைக் குறையுங்கள், பசளையை நிறுத்துங்கள்” என்று வெளிநாட்டார் சொல்வதை இங்கேயும் அப்படியே பின்பற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். எனக்குக் கவலையாக இருக்கிறது. இங்கே மிகக் குறுகிய பகலும் ஏறக்குறைய 11 மணி 45 நிமிடம். செடி உறங்கப் போவதில்லை. இன்னொன்று, ஐப்பசி கார்த்திகையில் பின்னேரம் தோறும் இடி மழை கொட்டும். தை மாசியிலோ வருடத்திலேயே மழை மிகக் குறைந்த நாட்கள். ஆகவே கையைக் கட்டிக்கொள்ள வேண்டியது கார்த்திகையில். தை பிறந்ததும் தண்ணீரைக் கூட்டவேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஒரு கிழமை நின்றுவிட்டு வந்தால், தும்புத்தூள் நிரப்பிய சாடி காய்ந்து கல்லாகியிருக்கும். அப்படிக் காய்ந்த தும்புத்தூளில் மேலே ஊற்றும் தண்ணீர் ஓரத்தால் வழிந்து போய்விடும். சாடியோடு அரை மணி நேரம் ஒரு வாளித் தண்ணீரில் வையுங்கள்.

அப்புறம் வெயில். பலர் கவனிக்காதது இது. கொழும்பில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சற்று முன்பு நடுப்பகல் சூரியன் தலைக்கு நேரே நிற்கும். அதன்பின் வடக்கே போய், ஆவணியில் திரும்ப உச்சிக்கு வந்து, தெற்கே சாயும். மார்கழியில் நடுப்பகலிலும் தெற்குப் பக்கமாகச் சரிந்தே நிற்கும். அதனால் ஆனி ஆடியில் நேர் வெயிலே படாத தெற்குப் பல்கணிக்குள் இப்போது வெயில் நன்றாக நுழைகிறது. மணி பிளான்டும் அந்தூரியமும் அதே இடத்தில் வருடம் முழுக்க இருந்தால், மார்கழியில் இலையில் மண்ணிற வடு விழும். நோய் என்று நினைத்து மருந்து வாங்குவார்கள். இரண்டு அடி உள்ளே தள்ளி வைத்தாலே போதும். கறிவேப்பிலைக்கோ இந்த வெயில் பெரிய விருந்து, அதை முன்னே எடுத்து வையுங்கள்.

உண்மையான வறண்ட குளிர் கொழும்பில் ஏசி அறைக்குள்தான் இருக்கிறது. அந்தக் காற்று நேரே படும் இடத்தில் எந்தச் செடியையும் வைக்காதீர்கள், இலை நுனி கருகும். விடுமுறைக்கு நுவரெலியா போய் அழகான பூச்செடிகளை வாங்கி வருவதும் இந்த மாதத்தில்தான். ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்தில், தை மாதத்தில் புல்லில் உறைபனி விழும் ஊரில் வளர்ந்தது அது. கொழும்பில் பெரும்பாலும் நிலைக்காது. ஆசைப்பட்டால் இங்கேயே பத்தரமுல்லையில் தியத்த உயனப் பக்கம் நாற்றுக் கடைகள் இருக்கின்றன. இந்த வெக்கைக்குப் பழகிய செடியாகக் கேட்டு வாங்குங்கள்.

நுளம்பைப் பற்றி நான் கட்டாயம் சொல்லவேண்டும். கார்த்திகை மழை விட்ட கையோடு டெங்கு கூடும். 2017ஆம் ஆண்டு நாடு முழுவதும் 1,80,000க்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்தது. சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் நிற்கும் தண்ணீர் அந்த நுளம்புக்குப் போதும். தட்டிலுள்ள தண்ணீரை வெளியே கொட்டிவிட்டால் முடிந்தது என்று எண்ணவேண்டாம். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்பால் தேய்த்துக் கழுவுங்கள், கிழமைக்கு ஒருமுறை, நாள் குறித்து வைத்துக் கழுவுங்கள். போத்தலில் மணி பிளான்ட் வைத்திருப்பவர்களும் அப்படியே.

தங்கை மறுபடி ஒரு செடி வாங்கினாள். போன குளிர்காலத்தில் அதுவும் இலையெல்லாம் கொட்டி வெறும் குச்சியாக நின்றது. எறியப்போகிறேன் என்றாள். நகத்தால் தண்டை ஒரு இடத்தில் மெல்லச் சுரண்டிப் பார் என்றேன். உள்ளே பச்சை தெரிந்தது. பிறகு யன்னலோரம் வைத்து, மண் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். வேறொன்றும் செய்யவில்லை. பங்குனி கடைசியில் கணுக்களில் துளிர் வந்தது. வைகாசியில் வெளியே எடுத்து, முதல் கிழமை நிழலில் வைத்துப் பழக்கினாள். ஆனியில் முதல் கொத்தைக் கிள்ளிச் சம்பலுக்குத் தாளித்த அன்று எனக்குப் படம் அனுப்பினாள்.

நன்றி, வணக்கம்.