முத்தம் குடுத்தா உப்பு கரிக்குதா?

வணக்கம், எல்லாரும் நல்லா இருக்கீங்களா? பின்னாடி நெபுலைசர் சத்தம் கேட்கும், பாப்பாவுக்கு ஓடுது, கண்டுக்காதீங்க.

பாப்பாவுக்கு என்ன நோய், எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு நெறைய பேர் கேட்டிருந்தீங்க. பேரு சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ். பிறவியிலேயே வர்ற ஜீன் கோளாறு, நுரையீரல்ல சளி கெட்டியாகி அடைச்சுக்கும், சாப்பாடும் சரியா செரிக்காது. நாலு மாசத்துல ஆரம்பிச்ச சளி. மருந்து குடுத்தா பத்து நாள் நல்லா இருப்பா, அப்புறம் மறுபடி இருமல். பசி அப்படி எடுக்கும், ஆனா எடை ஏறாது. ஒரு டாக்டர் பிரைமரி காம்ப்ளெக்ஸ்னு (குழந்தைகளுக்கு வர்ற டிபி) சொல்லி ஆறு மாசம் டிபி மருந்து குடுத்தார். நம்ம ஊர்லதான் தெருவுக்கு ரெண்டு புள்ளைக்கு அது இருக்குமே, நானும் நம்பிட்டேன்.

எங்க அத்தை மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தாங்க, "புள்ளைக்கு முத்தம் குடுத்தா உப்பு கரிக்குதுடி"ன்னு. நான் சிரிச்சேன். நெத்தியில வெள்ளையா உப்பு பூத்திருந்ததைப் பார்த்தும் சிரிச்சேன்.

கத்திரி வெயில்ல ஒருநாள் பாப்பா துவண்டு விழுந்துட்டா. ரத்தத்துல சோடியம், பொட்டாசியம் எல்லாம் குறைஞ்சு கிடக்கு. ஆஸ்பத்திரியில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா நெஞ்சைப் பத்தி கேக்கவே இல்ல. "மலம் எண்ணெய் மாதிரி ஒட்டுதா? சொந்தத்துல கல்யாணமா?"ன்னு கேட்டாங்க. ஆமா, நான் கட்டினது அத்தை பையனை. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்டயும் பழுதான ஜீன் ஒண்ணு ஒண்ணு இருந்தா, ஒவ்வொரு பிரசவத்துக்கும் 25 சதவீதம் வாய்ப்பாம். சொந்தம் இல்லாதவங்களுக்கும் வரும்.

1948-ல நியூயார்க்ல வெயில் கொளுத்தினப்போ, சுருண்டு விழுந்து வந்த குழந்தைகள்ல பலருக்கு இந்த நோய் இருந்ததைப் பார்த்துத்தான் வியர்வையையே சோதிக்க ஆரம்பிச்சாங்களாம். இந்த நோய் இருந்தா வியர்வையில உப்பு அதிகமா வெளியேறுமாம். நுரையீரல் நோய்க்கு வியர்வை டெஸ்ட்! கையில வியர்வை வரவைக்கிற பைலோகார்பின் மருந்து வெச்சு லேசா கரண்ட் குடுப்பாங்க, அப்புறம் அரை மணி நேரம் வியர்வை சேகரிப்பாங்க. ஊசி இல்ல. அந்த வியர்வையில குளோரைடு, அதாவது உப்புல இருக்கிற சத்து, லிட்டருக்கு 60 மில்லிமோலுக்கு மேல போனா சந்தேகம் உறுதி. பாப்பாவுக்கு 94. திரும்ப எடுத்தும் அதேதான். ஜீன் டெஸ்ட்ல மேல்நாட்டுல அதிகம் பார்க்கிற மாற்றத்தை மட்டும் தேடினா நம்ம குழந்தைகள்ல பலருக்குத் தப்பிடும், அதனால முழு ஜீனையும் படிச்சாங்க.

எல்லா ஊர்லயும் இந்த டெஸ்ட் இல்ல, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். நாக்குல நக்கிப் பார்த்து நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. ஆனா டாக்டர்கிட்ட அந்த உப்பைச் சொல்லுங்க, நான் சொல்லல.

சரி, மிஷின் நின்னுடுச்சு. சோறு ஊட்டறதுக்கு முன்னாடி, செரிக்கிறதுக்கான என்சைம் மருந்து குடுக்கணும். அத்தை கூப்பிடறாங்க, வரேன்.