படை வந்து சேரும் வரை

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தீயணைப்பு, மீட்புப் பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பெரிய நகரத்தில் நிலநடுக்கம் வந்தால் அரசாங்கம் என்ன செய்யும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். 'தர்மபுரியே பாறை மேல் உட்கார்ந்திருக்கிறது, நமக்கெதற்கு இந்தப் பேச்சு' என்று சிலர் ஸ்டேஷனை மாற்றப் போவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். 2002இல் வெளியான நிலநடுக்க வரைபடம் தர்மபுரியை மூன்றாம் மண்டலத்தில் வைத்தது. மிதமான ஆபத்து என்று அர்த்தம். மகாராஷ்டிரத்து லாத்தூர் பக்கமும் 'இங்கே வராது' என்றுதான் இருந்தார்கள். 1993 செப்டம்பர் 30, விடியற்காலை நாலு மணி வாக்கில் வந்தது. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள், தூங்கினவர்கள் மேலேயே விழுந்தன. இறந்தவர்கள் பத்தாயிரத்துக்குப் பக்கம். அதோடு, நம் பிள்ளைகள் எத்தனை பேர் பெங்களூரிலும் ஓசூரிலும் மாடி வீடுகளில் குடியிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, அரசாங்கத்துக்கு வருவோம். 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி மாவட்டத்துக்குத் தலைமை கலெக்டர். அவருக்குக் கீழே வருவாய்த் துறை, போலீஸ், எங்கள் துறை, சுகாதாரம், மின்வாரியம் எல்லாம் ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து வேலை செய்யவேண்டும். தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நாலாவது பட்டாலியன் அரக்கோணத்தில் இருக்கிறது. மோப்ப நாய், கான்கிரீட் அறுக்கும் மெஷின், உள்ளே விட்டுப் பார்க்கும் கேமரா, எல்லாம் அவர்களிடம் உண்டு. ஆனால் அரக்கோணத்திலிருந்து இங்கே வர, ரோடு நன்றாக இருந்தாலே நாலு மணி நேரம் ஆகும். பாலம் விரிசல் விட்டிருந்தால்? அந்த நாலு மணி நேரத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். நான் எங்கே போனாலும் இதைத்தான் பேசுவேன் என்று வீட்டில்கூட அலுத்துக்கொள்வார்கள்.

ஜப்பானைவிடத் தயாராக இருந்த நாடு கிடையாது என்போம். 1995 ஜனவரி 17, காலை 5.46. கோபே நகரம் சரிந்தது. ராணுவத்தை அழைக்கும் கோரிக்கை மாகாண ஆளுநரிடமிருந்து போனது பத்து மணி வாக்கில். விதிமுறை அப்படி, டெலிபோனும் செத்துக் கிடந்தது. பிறகு விதியைத் திருத்தினார்கள், அது வேறு விஷயம். இன்னொன்று, எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு வயிற்றைக் கலக்கும் விஷயம்: நிலத்தடிக் குழாய்கள் உடைந்து, தீயணைப்பு வண்டி போய் நின்றால் குழாயில் தண்ணீர் இல்லை. தெருத் தெருவாக எரிந்தது. நமக்கு ஒகேனக்கல் குழாய் உடைந்தால் எந்தக் கிணற்றில், எந்த ஏரியில் தண்ணீர் எடுப்பது என்று ஒவ்வொரு ஊரிலும் வி.ஏ.ஓ. கையில் ஒரு பட்டியல் இருக்கவேண்டாமா?

கோபேயில் இடிபாட்டிலிருந்து வெளியே எடுத்தவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேரை மீட்டது பக்கத்து வீட்டுக்காரர்கள். எதிரே இருக்கும் அவாஜி தீவில் ஹொகுடான் என்று ஒரு சிற்றூர், நிலநடுக்கம் கிளம்பிய இடத்துக்கே பக்கத்தில். அங்கே அன்று சாயங்காலத்துக்குள் காணாமல் போனவர் என்று ஒருவரும் பாக்கியில்லை. எப்படி? இந்த வீட்டுப் பாட்டி எந்த அறையில், எந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பாள் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருந்தது. நேராக அந்த இடத்தில் தோண்டினார்கள். ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஓசூரில் நாலாவது மாடியில் எதிர்வீட்டுக்காரர் பேர் தெரியாமல் இருக்கிறவர்கள்தான் யோசிக்கவேண்டும்.

தொப்பூர் கணவாயில் விபத்து நடந்தால் முதலில் ஓடுவது யார்? பின்னால் வந்த லாரி டிரைவர், டீக்கடைக்காரர், ஆடு மேய்க்கிறவர். எங்கள் வண்டி சைரன் போட்டுக்கொண்டு போவதற்குள் பாதி வேலை முடிந்திருக்கும். அதே இடத்தில் இன்னொன்றும் பார்ப்போம்: கூட்டம். ஆளுக்கொரு செல்போன், ஆளுக்கொரு யோசனை, எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள்.

இங்கேதான் மெக்சிகோவைச் சொல்லவேண்டும். 1985 செப்டம்பர் 19இல் மெக்சிகோ நகரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். அரசாங்கம் திகைத்து நின்றது, வெளிநாட்டு உதவியே வேண்டாம் என்றுகூட முதலில் சொன்னது. ஜனங்களே இறங்கித் தோண்டினார்கள். சரியாக அதே தேதியில், 2017இல், காலை பதினொரு மணிக்கு ஒத்திகை நடத்தி முடித்தார்கள். இரண்டு மணி நேரம் கழித்து நிஜமாகவே வந்தது. அப்போது அங்கே ஒரு பழக்கம். இடிபாட்டின் மேல் நிற்பவர் விரல்களை மடக்கிக் கையை உயர்த்துவார். பார்த்தவர் தானும் உயர்த்துவார். தெருக்கோடி வரை கைகள் எழும். ஜெனரேட்டர் நிற்கும், லாரி இன்ஜின் அணையும், நூற்றுக்கணக்கான பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். எதற்கு? உள்ளே யாராவது தட்டுகிறார்களா என்று கேட்க. மேலே பேசுவது உள்ளே கேட்கும், உள்ளே கத்துவது மேலே கேட்காது. பிழைத்து வந்தவர்கள் பலர் இப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

எனவே, மாட்டிக்கொண்டால் கத்தாதீர்கள். தொண்டை வறளும், தூசி உள்ளே போகும். குழாயோ சுவரோ கைக்கு எட்டினால் கல்லால் தட்டுங்கள். விட்டு விட்டுத் தட்டுங்கள். வெளியே இருப்பவர்கள் அமைதியாக இருங்கள். மறுபடியும் சொல்கிறேன், அமைதியாக இருங்கள். மேலே ஏறி மிதிக்காதீர்கள். பின்னதிர்வு வந்தால் மிச்சமும் சரியும். அப்புறம், பல மணி நேரம் கால் மேல் தூண் விழுந்து கிடப்பவரை வெடுக்கென்று இழுக்காதீர்கள். நசுங்கிய சதையிலிருந்து விஷம் ஒரேயடியாக ரத்தத்தில் கலந்து இதயத்தை நிறுத்திவிடும், சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். டாக்டரோ 108 ஆட்களோ முதலில் சலைன் ஏற்றவேண்டும்.

நம் பக்கம் ஒரு பலம் இருக்கிறது, யாரும் கணக்கில் எடுப்பதில்லை. கிருஷ்ணகிரி கிரானைட் குவாரிகள். எந்தக் கல்லைத் தொட்டால் எது சரியும் என்று கண்ணாலேயே சொல்லும் ஆட்கள், கம்ப்ரசர், கிரேன், ஜாக்கி எல்லாம் அங்கே உண்டு. அந்த ஆட்களின் பேரும் நம்பரும் கட்டுப்பாட்டு அறையில் இருக்கவேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் துறையோடு ஒத்திகை நடக்கவேண்டும். இதைப் பல கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன். எழுதிக்கொள்வார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். கட்டடங்களைப் பற்றித்தான் நிறைய குறிப்பு வைத்திருந்தேன், சுருக்கிவிடுகிறேன். 2001 குடியரசு தினத்தில் குஜராத்தின் புஜ் அருகே நிலநடுக்கம். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. பலவற்றில் கீழ்த்தளத்தில் சுவரே இல்லை, கார் நிறுத்த வெறும் தூண்கள். ஓசூரில் வீடு வாங்குகிறவர்கள், நிலநடுக்கக் கணக்குப் போட்ட கட்டட வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். புஜ்ஜில் அரசு மருத்துவமனையே இடிந்து, மைதானத்தில் வைத்தியம் பார்த்தார்கள். அது தனிக் கதை, இன்னொரு நாள் கூப்பிட்டால் வருகிறேன். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. செல்போனில் மட்டும் வேண்டாம், சுவரிலும் எழுதி வையுங்கள். நன்றி, வணக்கம்.